கோட்டாற்றுக் கண்ணில் விழுந்த பூ

ஐப்பசி 4, திங்கள்

விடியலிலிருந்தே மழை. குடையில் ஒரு கம்பி போயிற்று. கோட்டாற்றுத் தெருவில் முழங்கால் தண்ணீர். (கணுக்கால் என்று வைத்துக்கொள்ளலாம்.)

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன். ஒன்றுவிடாமல் நான் சொன்னபடியே நடந்திருக்கிறது. எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு எடுத்து நீட்டியிருக்கலாம். அதனால்தான் இனிமேல் எழுதுவது என்று முடிவு.

நடந்தது இது. ஒன்பதரைக்கு டிரம்மைத் திறந்தார்கள். டிரம் என்றால் உள்ளே காற்றே இல்லாத இரும்புப் பெட்டி. ஆகாசத்தில் எப்படி இருக்குமோ அப்படி. நான்கு நாள் அதற்குள் கிடந்த எங்கள் கண்ணை, அதாவது செயற்கைக்கோளில் மாட்டுகிற கேமராவை, வெளியே எடுத்து விளக்கைக் காட்டினால், முன் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க மங்கல். கிழவிகள் கண்ணில் பூ விழுந்த மாதிரி.

"அப்பவே சொன்னேன்லா" என்றேன். ஒருத்தரும் திரும்பவில்லை.

டிரம்மை மூடிய அன்றைக்கே சொன்னதுதான். மழைக்காலம், கண்ணாடி பனிக்கும் என்று. பிரபு காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரி நின்றான்.

நாளைக்குப் பத்திரிகைக்காரன் வந்து கேட்டால் உதவும், ஆட்கள் விவரம்:

சுபா (சு.): என் அக்கா மகள். கம்பெனி அவளுடையது. கோட்டாற்றில் பழைய புளி குடோனின் மாடி. மொத்தம் ஒன்பது பேர்.

பிரபு (பி.): அவளோடு படித்தவன், கோயம்புத்தூர்க்காரன். கணக்கில் புலி. சாப்பாட்டில் பூனை.

ஜெனிட்டா (ஜெ.): மணவாளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் கடற்கரை ஊர். கண்ணாடிக்குப் பசை வைக்கிறவள். அவள் கை நடுங்கிப் பார்த்தவர் இல்லை.

நான்: எல்லோருக்கும் மாமா. கிளீன் ரூம் வாசல் என் பொறுப்பு. தொப்பி, அங்கி, கையுறை, கால் ஒட்டுகிற பாய். என் வாசலைத் தாண்டாமல் தூசி கூட உள்ளே போகாது. படிப்பு எட்டு, ஒன்பதிலும் கால் வைத்தேன். கண்ணாடித் துறையில் துபாயில் பதினெட்டு வருஷ அனுபவம். நூறு மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு.

பூமியைப் பார்க்கிற கண்ணை எவனும் செய்வான். எங்கள் கண் பூமியைத் திரும்பிப் பாராது. மேலே சுற்றுகிற மற்ற செயற்கைக்கோள்களைப் பார்க்கும். எவன் யாருக்குப் பக்கத்தில் நெருங்குகிறான், எந்த உடைந்த துண்டு எங்கே பாய்கிறது என்று காவல் இருக்கும். ஒன்றே ஒன்று செய்திருக்கிறோம். ஐந்து வருஷம்.

அடுத்த வெள்ளி, 15ஆம் தேதி, அதைக் கொடுத்தாக வேண்டும். ஒரு செயற்கைக்கோளில் எங்களுக்கு ஓர் இடம். அது காத்திராது. சு. போனில் பேசியது காதில் விழுந்தது: "இந்த எடம் போச்சுன்னா நாங்க இல்லை சார். கதவை அடைக்க வேண்டியதுதான்."

மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே திரும்பிப் போயிற்று.

ஐப்பசி 5, செவ்வாய்

தூறல். வாங்க வேண்டியது: கையுறை (சின்ன அளவு), பாய் ஒரு கட்டு, எனக்கு இருமல் மருந்து.

இன்று என் நாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது கெட்டால் ஒன்பது பேரும் உட்கார வேண்டும். அவரவர் கண்ட காரியத்தைச் சொல்ல வேண்டும். பெரியவன் சின்னவன் கிடையாது, திட்டு கிடையாது. சொன்னதை பி. பலகையில் எழுதுவான். பலகையில் ஏறியது உண்மை. சு. போட்ட சட்டம்.

முதலில் பி. பேசினான். "குழலுக்குள்ள அடிச்ச கறுப்புப் பெயிண்ட் மேலதான் எனக்குச் சந்தேகமுங்க. சூட்டுல இன்னும் ரெண்டு நாள் காய வெச்சிருக்கணும். அதுல இருந்து ஆவி வந்து கண்ணாடில படிஞ்சிருக்கும்."

குழல் என்பது கண்ணாடிக்கு முன்னால் மாட்டுகிறது. வெயில் பட்டுக் கண் கூசாதிருக்க உள்ளே கறுப்பு அடித்திருக்கும்.

"சரி பண்ண எத்தனை நாள்?" சு. கேட்டாள்.

"எல்லாத்தையும் கழட்டி, காய வெச்சு, மாட்டி, டிரம்ல போட்டு எடுக்கப் பத்து நாள். இன்னைக்கே ஆரம்பிச்சா சரியா இருக்கும். நாளைக்குன்னா இல்லைங்க."

"சந்தேகந்தானே சொல்லுதே. சாட்சி இருக்கா?"

"சாட்சி இல்லைங்க."

  சு. கண் சிவந்திருந்தது. சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் சிவக்கும். என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நான் பாத்தேன்" என்றேன்.

எட்டு நாற்காலியும் என் பக்கம் திரும்பிற்று. துபாயில் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாற்காலி திரும்பியதில்லை.

"என்ன பாத்தீங்க மாமா?"

"ஜெனிட்டா பசை வெச்சுக்கிட்டு நிக்கா. நான் வாசல்ல கண்ணாடி ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு நிக்கேன். முகமூடிக்கு மேல, கண்ணுக்குக் கீழ, எடது கையுறையால சொறிஞ்சா. ரெண்டு தடவை. அந்தக் கையாலேயே லென்ஸுக்க ஓரத்தைப் பிடிச்சா."

"எந்த டைமுங்க?"

"பதினொண்ணு பத்து."

பி. எழுதினான். இடது கை. இரண்டு. 11:10. பலகையில் பார்க்க எடுப்பாக இருந்தது.

ஜெ. எழுந்து நின்றாள். "நானா மாமா? எனக்கு அப்பிடி ஓர்மையில்லையே."

"சொறிஞ்சது யாருக்கு மக்கா ஓர்மை இருக்கும்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு தன் இடது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா நேரங்கூட சொல்லுகாரு. செஞ்சிருப்பேன்."

முகத்து எண்ணெய் பட்டால் டிரம்முக்குள் அது ஆவியாகிக் கண்ணாடியெல்லாம் படியுமாம், பி.யே ஒத்துக்கொண்டான். அப்படியென்றால் குழலைக் கழற்ற வேண்டாம். கண்ணாடியை மட்டும் எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தால் போதும். மூன்று நாள் வேலை, நான்கு நாள் டிரம். மூன்று நாள் மிச்சம்.

சு. மூச்சு விட்டாள். எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். "மாமா, நல்ல வேளை நீங்க பாத்தீங்க."

சாயங்காலம் நாசர் கடையில் டீ. விஷயத்தைச் சொன்னேன். அங்கே மூன்று தடவை சொறிந்தாள் என்று சொன்னேன். டீக்கடைக்கு இரண்டு போதாது.

நாசர்: "ஓய் மாமா, அந்தக் கண்ணு அப்பிடி எவ்வளவு தூரம் பாக்கும்?"

"சந்திரன்ல ஒரு ரூவா துட்டுக் கெடந்தா தலையா பூவா சொல்லிரும்."

"போன மாசம் குண்டூசின்னீரு."

ஐப்பசி 6, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

ஜெ. உள்ளே போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவளாகவே போகவில்லை. கண்ணாடி துடைக்கும் வேலையை பி. செய்கிறான். அவள் என் மேசையில் உட்கார்ந்து தொப்பி மடித்தாள். மடித்து முடித்ததும் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்தக் கன்னம் மாமா?"

"எடது."

"எடது கையால எடது கன்னமா?"

"ஆமா மக்கா. அதுல என்ன?"

"ஒண்ணுமில்லை. வீட்ல நேத்து கண்ணாடி முன்னால நின்னு செஞ்சு பாத்தேன். எனக்கு வலது கைதான் வருகு."

நான் பாய் ஒட்டப் போய்விட்டேன். பழைய பாயை உரித்தால் அடியில் எத்தனை தூசி. இதெல்லாம் உள்ளே போயிருந்தால்? என்னை நினைத்து எனக்கே பெருமை.

பி. உள்ளே ஒரு மணி நேரத்தில் வைக்கிற பசையை ஜெ. பத்து நிமிஷத்தில் வைப்பாள். ஜன்னலருகே போய் நின்று பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரும்பி வந்து மறுபடி தொப்பி.

ஐப்பசி 7, வியாழன்

காற்று பலம். கடற்கரையில் வள்ளம் இறங்கவில்லை என்றார்கள்.

அதனால்தான் ஜெனிட்டாவின் அப்பா வந்தார். மகள் காலையில் சோறு தின்னவில்லையாம். முந்தின நாள் பிடித்த சாளை மீன், ஒரு வாளி நிறைய. சு. டிரம் அறையில் இருந்தாள், கூப்பிட முடியாது. எனவே என்னிடம் உட்கார்ந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார். நான் சொல்லவில்லை, அவராகவே.

"எனக்க மவளால கம்பெனி பூட்டப் போவுதா?"

"சே சே. சரி பண்ணியாச்சு."

"வலைக்கண்ணி பிச்சுப் போனா ராத்திரி விளக்கில்லாம கையால தடவிக் கட்டுவா. அவளுக்க கை அப்பிடி. நீரு கண்ணால பாத்தீரா?"

"இந்த ரெண்டு கண்ணால."

அவர் கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்தார். பிறகு, "அப்பம் சரி" என்றார். "நீரு வயசானவரு. பாக்காம சொல்ல மாட்டீரு." வாளியை வைத்துவிட்டுப் போனார்.

அக்கா வீட்டில் சாளைக் கறி. தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு. ஊரில் வேறெங்கும் இந்த ருசி கிடையாது. இரண்டு மீனுக்கு மேல் இறங்கவில்லை. மழைச் சளி.

ஐப்பசி 8, வெள்ளி

மேகம். கண்ணாடி வைத்தாயிற்று. விளக்கடித்துப் பார்த்தார்கள். பளிச்சென்று இருக்கிறது, பிறந்த பிள்ளை கண் மாதிரி. மூன்று மணிக்கு டிரம் மூடினார்கள். சு. மூடியில் கை வைத்தபடி நின்றாள்.

ஜெ. வரவில்லை. சு.வுக்கு போனில் செய்தி. என்னிடம் காட்டினாள்: "அக்கா, என் கை என்ன செய்யுதுன்னு எனக்கே தெரியல்ல. இனி அந்தக் கையோட உள்ள வர மாட்டேன். மன்னிச்சிருங்க."

சு. பத்து தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"நீங்க ஒருவாட்டி கூப்பிடுங்க மாமா. நீங்க சொன்னா கேப்பா."

போனில் சார்ஜ் இல்லை என்றேன். பாதிக்கு மேல் இருந்தது.

ஐப்பசி 10, ஞாயிறு

நல்ல வெயில். அக்காவோடு பதிக்குக் கும்பிடப் போனேன். அவள் ஞாயிறு தவறாமல் போவாள். நான் அவள் கூப்பிட்டால்.

வருகிற வழியில் பஸ்சில் அக்கா கேட்டாள்: "அந்தக் கடக்கரைப் புள்ளையைப் பத்தி என்னவோ சொன்னியாமே?"

முழுவதும் சொன்னேன். நேரம், கை, கன்னம். ஜன்னலில் தெரிந்த வெளிச்சம் எப்படி இருந்தது என்பதுவரை. வர வர எனக்கே கண்முன் நடக்கிற மாதிரி தெரிகிறது.

அக்கா டிக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஒனக்க பேச்சுல பாதியைக் கழிச்சிட்டுத்தான் கேக்கணும்னு சின்னதுலயே சுபாவுக்குச் சொல்லிக் குடுத்திருந்தேன்."

"இப்பம் என்ன, கழிச்சாளா?"

"கழிக்கல்ல. மாமா இந்த ஒரு காரியத்துல வெளையாட மாட்டாருன்னு சொல்லுகா."

வடசேரி வந்தது, இறங்கினோம்.

ஐப்பசி 12, செவ்வாய்

மழை, இடி. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

டிரம் திறந்தது பதினொன்றுக்கு. (நேரம் சரியாகத் தெரியாது. பதினொன்றுக்குப் பக்கம்.)

மங்கல். போன தடவையைவிடக் கெட்டி. பூ இல்லை, பாலாடை.

யாரும் கத்தவில்லை. பி. பஞ்சில் தொட்டு எடுத்து, மழையோடு பைக்கில் ஒரு காலேஜ் லேபுக்குப் போனான். இரண்டு மணிக்குத் தலையெல்லாம் நனைந்து வந்தான்.

"பெயிண்டுங்க. முழுக்கப் பெயிண்ட். மனுஷ எண்ணெய் ஒரு துளி இல்லை."

"முதல் தடவையே ஏன் லேபுக்குக் கொண்டு போகல்ல?" சு. மெதுவாகத்தான் கேட்டாள்.

"தெரிஞ்ச காரணத்துக்கு எதுக்குங்க லேபு? மாமாதான் பாத்துட்டாரே. அப்படியே தொடைச்சுட்டோம்."

என்னை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கோபம் இல்லை. அதுதான். இவர்கள் கோபப்பட மாட்டார்கள். நான் சொன்னதும் உண்மை, லேப் சொன்னதும் உண்மை, இரண்டும் சேர்ந்தது நம் கெட்ட நேரம் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில், கடையில், துபாயில் யாரும் நான் சொல்கிற மணியைக் கடிகாரத்தில் ஒத்துப் பார்த்ததில்லை, நம்பியதும் இல்லை. இங்கே ஒரு எண்ணைச் சொன்னால் அதன்மேல் வீடு கட்டுகிறார்கள்.

மூன்று நாள் இருக்கிறது. பத்து நாள் வேலை.

"மழை விட்டா எல்லாம் சரியாயிரும் மோளே" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஐப்பசி 13, புதன்

மூடாப்பு.

சு. போனில் அந்தச் செயற்கைக்கோள் ஆட்களிடம் பேசினாள். இடம் போயிற்று. ஆனால் ஒன்று. செயற்கைக்கோளின் எடையைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், இனி மாற்ற முடியாது. எங்கள் கண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் ஒரு பக்கம் சாயும். அதனால் அதே எடையில், அதே அளவில், அதே திருகு ஓட்டைகளோடு ஓர் அலுமினியக் கட்டி செய்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அதையும் நாங்களே.

பி.யும் நானும் லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் வரைபடத்தைப் புரட்டினார்.

"இது என்ன சாதனம்?"

"ஒண்ணுமில்லைங்க. வெயிட்டு."

"சும்மா வெயிட்டுக்கா இவ்வளவு பாலிஷ்?"

பி. வெளியே போய் நின்றுகொண்டான். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ராக்கெட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். சந்திரனுக்கு என்றுகூட. வரவில்லை. "வெயிட்டு" என்றேன்.

ஐப்பசி 14, வியாழன்

மழை.

ஆட்கள் ஒவ்வொருவராக மேசை இழுப்பறையைக் காலி செய்கிறார்கள். ஒருத்தர் பெங்களூர். ஒருத்தர் திரும்ப ஊருக்கு. பி. கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டுவிட்டான். கிளீன் ரூமுக்கு இன்று அங்கி இல்லாமல், செருப்போடு போனார்கள். நான் தடுக்கவில்லை. ஒட்டுப்பாயில் மழைச் சேறு.

கண்ணை ஒரு பையில் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

சு. காலையில் மணவாளக்குறிச்சி பஸ் ஏறி ஜெ. வீட்டுக்குப் போய் வந்தாள். பெயிண்ட்தான் காரணம், உன் கை இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு ஜெ.: "இந்தத் தடவை இல்லைக்கா. ஆனா சொறிஞ்சேன்லா. மாமா பாத்தாருல்லா. அடுத்த தடவை என்ன செய்வேனோ." ஒரு ஜவுளிக்கடையில் வேலை கேட்டிருக்கிறாளாம். துணி மடிக்க.

ஐப்பசி 15, வெள்ளி

வெயிலும் தூறலும்.

கட்டியைப் பெட்டியில் வைத்து அனுப்பியாயிற்று. பெட்டி நம் கண்ணுக்காகச் செய்தது. உள்ளே பஞ்சுமெத்தையில் கண் அளவுக்குக் குழி வெட்டியிருக்கும். கட்டி அதில் கச்சிதமாகப் பொருந்தியது. எடை ஒரு பொட்டு கூடவோ குறையவோ இல்லை. லாரிக்காரன் ரசீதில் எழுதினான்: உருப்படி 1.

மத்தியானம் சு. கூப்பிட்டாள். செயற்கைக்கோள் ஆட்கள் கடைசி அறிக்கை கேட்கிறார்களாம். முதல் தடவை ஏன் தப்பான இடத்தைச் சரி செய்தீர்கள் என்று கேள்வி. பதில்: கண்ணால் பார்த்த சாட்சி இருந்தது.

"பேரைப் போடாண்டாம்னு பாத்தேன் மாமா. ஆனா யாரு, என்ன செஞ்சா, யாரு பாத்தான்னு தெளிவா கேக்காங்க. நீங்க பாத்ததை மட்டும் எழுதிக் குடுங்க."

தாள் கொடுத்தாள். அவளே பேனாவைத் திறந்து கொடுத்தாள். ஜெனிட்டா. இடது கையுறை. இரண்டு தடவை. 11:10. என் கையெழுத்து நன்றாக இருக்கும், எட்டாம் வகுப்பு வாத்தியாரே சொல்லியிருக்கிறார். கீழே கையெழுத்துப் போட்டேன். பி. அதைப் படமெடுத்து அனுப்பினான். போய்விட்டது.

சு. தாளை மடித்துக் கோப்பில் வைத்தாள். "எல்லாரும் கோட்டை விட்டோம். நீங்க ஒருத்தராவது கண்ணைத் தொறந்து வெச்சிருந்தீங்க."

சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுக்க என்னை அனுப்பினாள். கொடுத்தேன். வீட்டுக்கு வந்தேன். சோறு வேண்டாம் என்றேன்.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். அன்றைக்கு ஜெனிட்டா பசை வைத்த நேரத்தில் நான் ஜன்னலருகே இல்லை. கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள் என்று ஸ்கூட்டரைத் தள்ளி வைக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அவள் வேலை முடித்து வெளியே வந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் சொறிந்து நான் பார்க்கவில்லை.